மாட்டுச் சாண மட்குரத்தின் சத்தை இயந்திரங்களால் உயர்த்த முடியுமா?

கேள்வி: தொழுவம்

அனைவருக்கும் வணக்கம். கறவை மாடுகளின் சாணத்தையும், அவற்றின் அடியில் விரித்து நனைந்துபோன வைக்கோலையும் சேர்த்து நீண்ட வரிசைக் குவியல்களாக மட்க வைத்து, அந்த உரத்தைப் பெரும்பாலும் எங்கள் வயலுக்கே இட்டு வருகிறோம். ஒரு சிறு பகுதியை நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறோம். அண்மையில் முதிர்ந்த உரத்தின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, உலர் எடையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1.1 விழுக்காடு என்றும், எரித்த பின் எஞ்சும் சாம்பல் 58 விழுக்காடு என்றும் அறிக்கை வந்தது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பொட்டாஷும்கூட நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன.

இந்த நிலையை மாற்ற இயந்திரங்கள் வாங்கலாமா என்று எண்ணுகிறோம். வைக்கோலை நறுக்கும் இயந்திரம், குவியலைப் புரட்டும் இயந்திரம், சாணக் குழம்பைப் பிழிந்து திடப்பகுதியைப் பிரிக்கும் திருகு அழுத்தி, உருளைச் சல்லடை, உரத்தைக் குருணையாக்கும் இயந்திரம் ஆகியவற்றை இதுவரை பார்த்திருக்கிறோம். விற்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் இயந்திரம் உரத்தின் சத்தை உயர்த்தும் என்றே சொல்கிறார்கள். ஆனால் எந்தச் சத்து, எந்த வழியில், எவ்வளவு உயரும் என்ற விளக்கம் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாது. எதிலிருந்து தொடங்குவது, எது உண்மையிலேயே சத்தைக் கூட்டும், எது கையாள்வதை மட்டும் எளிதாக்கும் என்பதை அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அடிக்கடி புரட்டினால் தழைச்சத்து காற்றில் போய்விடும் என்றும் கேள்விப்பட்டேன். அது எந்த அளவுக்கு உண்மை என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: உரக்கணக்கு

நீங்கள் ஆய்வறிக்கையோடு வந்திருப்பதால் ஊகத்துக்கு வேலையில்லை. முதலில் அந்த அறிக்கையையே சற்று ஆழமாகப் படிக்கலாம்.

எந்த இயந்திரமும் சாணத்தில் இல்லாத தழைச்சத்தையோ மணிச்சத்தையோ பொட்டாஷையோ உண்டாக்காது. மாட்டின் வயிற்றிலிருந்து வெளியேறிய சத்து, வயலைச் சேரும்வரை பல இடங்களில் வழிதவறுகிறது: சிறுநீராகத் தரையில் ஊறுகிறது, மழைநீரோடு ஓடுகிறது, அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. இயந்திரம் இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தடுத்தால் சத்து மிஞ்சும். அல்லது சத்தில்லாத நீரையும் மண்ணையும் கல்லையும் அகற்றினால், அதே சத்து குறைந்த எடைக்குள் அடங்கி விழுக்காடு உயரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் விற்பனையாளரின் சொல்லும் விவசாயியின் அனுபவமும் ஒத்துப்போவதில்லை.

உங்கள் அறிக்கையில் என் கவனத்தை ஈர்ப்பது தழைச்சத்தைவிட அந்த 58 விழுக்காட்டுச் சாம்பல்தான். சிமென்டுத் தரையிலிருந்து வழித்தெடுத்த சாணத்தில் சாம்பல் உலர் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை இருப்பது இயல்பு. மட்கும்போது கரிமப்பொருள் கரியமில வாயுவாக வெளியேறிக் குறையும், சாம்பல் குறையாது. அதனால் அதன் பங்கு உயர்ந்து முதிர்ந்த உரத்தில் 30 அல்லது 40 விழுக்காட்டை எட்டலாம். 58 என்பது மண் கலந்திருப்பதற்கான தெளிவான அடையாளம். உங்கள் உரத்தில் கரிமப்பொருள் 42 விழுக்காடு, தழைச்சத்து 1.1 விழுக்காடு என்றால், கரிமப்பொருளின் எடையில் தழைச்சத்து ஏறத்தாழ 2.6 விழுக்காடு ஆகிறது. இது மோசமான எண் அன்று. இதே கரிமப்பொருள், மண் கலக்காமல் 32 விழுக்காட்டுச் சாம்பலோடு வந்திருந்தால், உரத்தின் தழைச்சத்து ஏறத்தாழ 1.8 விழுக்காடாகப் பதிவாகியிருக்கும். அதாவது உங்கள் குறையில் பெரும்பகுதி மட்கும் முறையில் நேர்ந்ததன்று, சாணத்தை எடுக்கும் இடத்தில் நேர்ந்தது. மாடுகள் மண் தரையில் நிற்கின்றனவா, வாளி பொருத்திய டிராக்டரால் சாணத்தை அள்ளும்போது தரையும் சேர்ந்து வருகிறதா, குவியல் மண் மேல் அமைகிறதா என்பதைப் பாருங்கள்.

இழப்பை அளக்கவும் இந்தச் சாம்பலே உதவும் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எந்த இயந்திரம் வாங்கினாலும் அதன் பயனைச் சோதிக்க இதைவிட எளிய வழியில்லை. குவியல் போடும் நாளிலும் உரம் முதிர்ந்த நாளிலும் மாதிரி எடுத்து, இரண்டிலும் சாம்பலையும் தழைச்சத்தையும் உலர் எடையில் அளந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் சாம்பல் 20, தழைச்சத்து 1.9 என்றும், முடிவில் சாம்பல் 32, தழைச்சத்து 2.1 என்றும் வைத்துக்கொள்வோம். 20ஐ 32ஆல் வகுத்தால் 0.625, ஆகவே உலர்பொருளில் 37.5 விழுக்காடு கரைந்துவிட்டது. தழைச்சத்து 1.9இலிருந்து 2.1ஆக உயர்ந்தது போலத் தோன்றினாலும், 2.1ஐ 0.625ஆல் பெருக்கினால் தொடக்க எடைக்குக் கிடைப்பது 1.31தான், எனவே இருந்த தழைச்சத்தில் 31 விழுக்காடு போய்விட்டது. விழுக்காடு ஏறியிருக்கும்போதே கிலோ கணக்கு இறங்கியிருக்கிறது. "எங்கள் இயந்திரத்தால் சத்து உயர்ந்தது" என்று காட்டப்படும் பல அட்டவணைகளில் முதல் பாதி மட்டுமே இருக்கும். இந்தக் கணக்கு பொருந்த வேண்டுமானால் இடையில் மண் சேரக்கூடாது என்பதையும் நினைவில் கொள்க.

மணிச்சத்துக்கு ஆவியாகும் வடிவம் இல்லை. பொட்டாஷும் அப்படியே. எனவே மேற்கூரையும் ஒழுகாத தரையும் உள்ள இடத்தில் அவை இரண்டும் சாம்பலோடு ஒரே வீதத்தில் உயர வேண்டும். சாம்பலைவிடப் பொட்டாஷ் குறைவாக உயர்ந்தால், அது நீரோடு கசிந்து போயிருக்கிறது என்று முடிவு செய்யலாம். நீரில் எளிதில் கரைவதால் அதுவே முதலில் ஓடும்.

அறிக்கைகளை ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. சில ஆய்வகங்கள் ஈர எடையில் தருகின்றன, சில உலர் எடையில் தருகின்றன. மணிச்சத்தைத் தனிமமாகச் சொன்னால் அதை 2.29ஆல் பெருக்கினால்தான் உர மூட்டையில் அச்சிடப்படும் ஆக்சைடு கணக்கு வரும். பொட்டாசியத்துக்கு அந்த எண் 1.2. இதைக் கவனிக்காமல் இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்தால், எந்த மாற்றமும் நிகழாமலே சத்து இரட்டித்தது போலத் தெரியும்.

மறுமொழி 2: நீர்ச்சால்

திருகு அழுத்தியோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது மிக நல்ல இயந்திரம். ஆனால் திட உரத்தின் சத்தை உயர்த்துவதற்காக அதை வாங்குவது பொருத்தமில்லை.

சாணத்தில் இருக்கும் தழைச்சத்தில் ஒரு பெரும்பங்கு, குறிப்பாகச் சிறுநீர் வழியாக வருவது, நீரில் கரைந்த அம்மோனிய வடிவில் இருக்கும். பொட்டாஷ் ஏறத்தாழ முழுவதுமே கரைந்த நிலையில் இருக்கிறது. திருகு அழுத்தியின் சல்லடைத் துளை வழக்கமாக அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை. கரைந்தவற்றில் பெரும்பகுதி நீரோடு போகும். மணிச்சத்தைச் சுமக்கும் நுண்துகள்களும் அந்தத் துளை வழியே தப்பிவிடும். உள்ளே தங்குவது பெரும்பாலும் செரிக்காத நார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1000 கிலோ சாணக் குழம்பில் உலர்பொருள் 80 கிலோ, தழைச்சத்து 4 கிலோ இருக்கட்டும். பிழிந்த பிறகு 28 விழுக்காடு உலர்பொருள் கொண்ட 150 கிலோ நார் கிடைப்பதாகவும், அதன் ஒவ்வொரு கிலோவிலும் 5 கிராம் தழைச்சத்து இருப்பதாகவும் கொள்வோம். இவை நடைமுறையில் காணக்கூடிய அளவுகளே. ஈர எடையில் பார்த்தால் தழைச்சத்து 0.4 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆக உயர்ந்திருக்கிறது. உலர் எடையில் பார்த்தாலோ 5 விழுக்காட்டிலிருந்து 1.8 ஆக இறங்கியிருக்கிறது. மொத்தத் தழைச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே நாரில் தங்கியது. மீதி நான்கு பங்கும் நீரில் இருக்கிறது. அந்த நீரை மூடிய தொட்டியில் சேர்த்து, பயிருக்கு அளவறிந்து பாய்ச்ச வசதி இருந்தால், பிழிந்ததால் இழப்பில்லை. உடனே பயிருக்குக் கிடைக்கும் சத்தில் பெரும்பகுதி அந்த நீரில்தான் இருப்பதால், அது தனி உரமாகவே மதிக்கத்தக்கது. நீரை வழியில் விட்டுவிட்டு நாரை மட்டும் மட்க வைப்பவர், தம்மிடம் இருந்த சத்தின் பெரும்பகுதியைத் தாமே வெளியேற்றுகிறார்.

மணிச்சத்தைத் திடப்பகுதியில் பிடிப்பதே நோக்கமானால் மையவிலக்குப் பிரிப்பான் தேவைப்படும். அது வேகமாகச் சுழன்று நுண்துகள்களையும் படிய வைப்பதால், மணிச்சத்தில் பாதிக்கு மேல் பெரும்பாலும் திடப்பகுதிக்கு வந்துவிடும். விலையும் மின்சாரச் செலவும் பராமரிப்பும் மிகுதி. சிறு தொழுவத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, திருகு அழுத்தி மட்கும் வேலைக்குச் செய்யும் உண்மையான நன்மையையும் சொல்ல வேண்டும். பிழிந்த நார் பொலபொலவென்று காற்றோட்டமாக இருக்கும். கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். எதையும் கலக்காமலே அது நன்றாகச் சூடேறி மட்கும். வைக்கோல் கிடைக்காத இடத்தில் ஈரச் சாணத்தோடு கலப்பதற்கு அதையே பயன்படுத்தலாம். நீங்கள் வைக்கோல் விரித்து வழித்தெடுப்பவர், குழம்பாகக் கழுவி எடுப்பவர் அல்லர். ஆகவே இந்த இயந்திரம் உங்கள் தேவைக்கு வெளியே நிற்கிறது என்பது என் கருத்து.

மறுமொழி 3: வரப்பு

உரக்கணக்கு அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் கூர்மைப்படுத்த விரும்புகிறேன். உரம் சொந்த வயலுக்கே போகிறதென்றால், விழுக்காடு குறைவாக இருப்பதால் வயலுக்கு நேரும் நட்டம் எதுவுமில்லை. மண்ணும் உரத்தோடு சேர்ந்து போவதால் ஏற்றிச் செல்லும் செலவு கூடுகிறது, அவ்வளவுதான். அங்கே பார்க்க வேண்டியது ஆண்டுக்கு எத்தனை கிலோ தழைச்சத்தும் பொட்டாஷும் வயலைச் சேருகின்றன என்பதை. பிறருக்குக் கொடுக்கும் உரத்துக்குத்தான் விழுக்காடு முக்கியம். இந்த இரண்டு நோக்கங்களுக்கும் ஒரே இயந்திரம் விடையாகாது. தொழுவம் அவர்கள் எதற்கு முன்னுரிமை தருகிறார் என்று தெரிந்தால் இயந்திரத்தைப் பற்றிய பேச்சும் தெளிவாகும்.

தொழுவம் (கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. மாடுகள் இரவில் சிமென்டுத் தரையிலும் பகலில் மண் முற்றத்திலும் இருக்கின்றன. முற்றத்துச் சாணத்தையும் வழித்து ஒரே குவியலில்தான் சேர்க்கிறோம். ஆகவே சாம்பல் பற்றிய விளக்கம் எங்களுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. இனி இரண்டையும் தனித்தனிக் குவியலாக வைப்போம். முற்றத்துச் சாணம் எங்கள் வயலுக்கும், தரைச் சாணம் நாற்றுப்பண்ணைக்கும் என்று பிரித்தால் வரப்பு அவர்கள் கேட்ட கேள்விக்கும் அதுவே விடையாகிவிடும்.

முன்னுரிமை வயலுக்குத்தான், ஆகவே மொத்தச் சத்தைக் காப்பதே முதல் நோக்கம். திருகு அழுத்தியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நறுக்குவதையும் புரட்டுவதையும் பற்றி யாரேனும் விரிவாக எழுத வேண்டுகிறேன். இப்போது குவியலை அள்ளுவாளியால்தான் புரட்டுகிறோம். முதல் சில வாரங்களில் புரட்டும்போது கண் எரியும் அளவுக்கு நெடி வருகிறது.

மறுமொழி 4: காற்றுவழி

அந்த நெடிதான் உங்கள் தழைச்சத்து. கண் எரிகிறதென்றால் இழப்பு சிறிதளவில் இல்லை.

அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும்வரை தழைச்சத்து நீரிலே தங்கியிருக்கும். அம்மோனியாவாக மாறினால் பறந்துவிடும். எது எவ்வளவு என்பதைக் காரத்தன்மையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரி வெப்பத்தில், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7 ஆக இருக்கும்போது பறக்கும் வடிவம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பிஎச் 9 ஆனால் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. குவியலின் உள்ளே 60 டிகிரி இருக்கும்போது இந்தச் சமநிலை இன்னும் அம்மோனியாவின் பக்கம் சாய்கிறது. சாணக் குவியல் முதல் வாரங்களில் சூடாகவும் காரமாகவும் இருப்பதால், அந்தக் காலத்தில் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் உள்ளே தேங்கிய அம்மோனியா மொத்தமாக வெளியேறும். எனவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான்.

ஆனால் புரட்டாமலே விடுவதும் தீர்வாகாது. காற்றில்லாத குவியல் சூடேறாது, களை விதையும் நோய்க்கிருமியும் சாகாமல் இருக்கும், மீத்தேன் வெளியேறும். புரட்டுவது குவியலுக்குக் காற்று கொடுப்பதற்காக என்று பலரும் எண்ணுகிறார்கள். புரட்டும்போது உள்ளே புகும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் குறுகிய நேரத்திலேயே பயன்படுத்திவிடும். புரட்டலின் உண்மையான பயன், அமுங்கிப்போன குவியலை மீண்டும் இளக்கிக் காற்று தானாக ஏறி இறங்க இடைவெளி உண்டாக்குவதும், வெளிப்புறத்தில் சூடேறாமல் கிடந்ததை உள்ளே தள்ளுவதும், ஈரத்தைச் சமப்படுத்துவதுமே. முதல் நாளிலேயே கலவை சரியாக அமைந்துவிட்டால், பின்னர் புரட்டும் தேவை பெரிதும் குறையும். அதனால்தான் நாட்காட்டியைப் பார்த்துப் புரட்டாமல், நீண்ட வெப்பமானியைச் செருகிப் பார்த்து, 65 டிகிரியைத் தாண்டும்போதும் 50க்குக் கீழே விழும்போதும் புரட்டுங்கள் என்று சொல்வேன். திறந்தவெளி வரிசைக் குவியலில் கிருமி நீக்கத்துக்கு 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாட்களும் அதற்குள் ஐந்து முறை புரட்டலும் என்ற விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. பிறருக்குக் கொடுக்கும் உரத்துக்கு அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

என் பார்வையில் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் நறுக்குவதும் கலப்பதும்தான். காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன். சிறுநீர் ஊறிய சாணத்தின் உலர்பொருளில் கரிமம் 40, தழைச்சத்து 2.4 விழுக்காடு என்று கொண்டால் விகிதம் 17க்கும் குறைவு. நுண்ணுயிர்களுக்குத் தேவைக்கு மேற்பட்ட தழைச்சத்து இருப்பதால் எஞ்சியது அம்மோனியாவாகிறது. கரிமம் 42, தழைச்சத்து 0.6 விழுக்காடு கொண்ட வைக்கோலைச் சேர்த்து விகிதத்தை 27க்குக் கொண்டுவர வேண்டுமானால், 100 கிலோ உலர் சாணத்துக்கு 96 கிலோ உலர் வைக்கோல் வேண்டும். நாம் கையாளும் ஈர எடையில் சொன்னால், 500 கிலோ ஈரச் சாணத்துக்கு 107 கிலோ வைக்கோல். இவ்வளவு சேர்த்தும் கலவையின் ஈரம் 67 விழுக்காடுக்கு மேல் நிற்கும். நமக்குத் தேவை 50 முதல் 60. ஆகவே சாணத்தைக் கூரையின் கீழ் சற்று ஈரம் வடியவிட்டோ, பழைய உரத்தில் சலித்தெடுத்த உலர்ந்த கட்டிகளைச் சேர்த்தோதான் அந்த அளவுக்கு வர முடியும். வடியும் நீரைப் பிடித்து, பின்னர் குவியல் உலரும்போது அதன் மேலேயே தெளிக்க வேண்டும். பொட்டாஷ் அதில்தான் இருக்கிறது.

வைக்கோலை முழு நீளத்தில் போட்டால் சாணம் ஓரிடத்திலும் வைக்கோல் ஓரிடத்திலும் நின்று, காகிதத்தில் 27 ஆக இருக்கும் விகிதம் குவியலில் ஓரிடத்தில் 17 ஆகவும் மற்றோரிடத்தில் 70 ஆகவும் இருக்கும். 2 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிக் கலந்தால் நுண்ணுயிர்கள் தொடும் பரப்பு கூடி, அம்மோனியத்தை அவை தம் உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் வேகமும் கூடும். இதைவிட நுணுக்கமாகத் தூளாக்க வேண்டாம். தூள் அமுங்கிவிடும், காற்று நுழையாது. சரிபார்க்க எளிய வழி உண்டு. 20 லிட்டர் வாளியில் கலவையை அழுத்தாமல் நிரப்பி எடை பாருங்கள். வாளியின் எடை நீங்கலாக 12 கிலோவுக்குள் இருந்தால் காற்றோட்டம் போதும். அதற்கு மேல் போனால் இன்னும் வைக்கோல் தேவை. கலப்பதற்குத் தனி இயந்திரம் வாங்குமுன், பழைய தீவனக் கலவை வண்டி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். நறுக்குதல், கலத்தல் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அது செய்துவிடும்.

குவியலின் மேல் முதிர்ந்த உரத்தை 10 முதல் 15 செ.மீ. கனத்துக்குப் போர்த்தினால், மேலேறும் அம்மோனியாவில் கணிசமானதை அது பிடித்துவைக்கும். செலவே இல்லாத இந்தப் போர்வையைப் புரட்டும் இயந்திரத்தைவிடப் பயனுள்ளதாக நான் கருதுகிறேன். சூப்பர் பாஸ்பேட் கலப்பதும் அம்மோனியா இழப்பைக் குறைக்கும், மணிச்சத்தும் கூடும். ஜிப்சமும் அம்மோனியத்தைச் சல்பேட்டாக நிறுத்திவைக்கும். ஆனால் ஜிப்சத்தைக் காற்றில்லாத சாணக் குழம்புத் தொட்டியில் ஒருபோதும் கலக்கக்கூடாது. அங்கே அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவாக மாறும். தொட்டியைக் கலக்கும்போது அது மொத்தமாக வெளியேறி உயிரைப் பறிக்கவல்லது. காற்றோட்டமான உலர் குவியலில் மட்டும் பயன்படுத்துங்கள்.

துளையிட்ட குழாய்களைக் குவியலின் அடியில் பதித்து விசிறியால் காற்றை இழுக்கும் முறையும் உண்டு. இழுத்த காற்றை அமிலத் தொட்டி வழியே செலுத்தினால் அம்மோனியா அம்மோனியம் சல்பேட்டாகத் திரும்பக் கிடைக்கும். பெரிய நிலையங்களுக்கு அது சிறந்த வழி. அடர் அமிலத்தைக் கையாளும் பயிற்சி இல்லாத இடத்தில் அதைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 5: சல்லடைக்கண்

சல்லடை, குருணை இரண்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உருளைச் சல்லடை கல், கயிறு, மட்காத தண்டு ஆகியவற்றை அகற்றும். நன்கு மட்கிய நுண்பகுதியில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடுதலாக இருப்பதால், தூய சாணத்திலிருந்து வந்த உரத்தைச் சலித்தால் விழுக்காடு ஓரளவு உயரும். ஆனால் மண் கலந்த உரத்தில் நிலைமை தலைகீழ். களிமண்ணும் நுண்மணலும் சல்லடைத் துளையை எளிதில் கடந்து உரத்தோடேயே வந்துவிடும். மேலே தங்குவது கரிமப்பொருள் நிறைந்த தண்டும் கட்டியும். ஆகவே முற்றத்துச் சாணத்தின் உரத்தைச் சலித்தால் சலித்த பகுதியின் சாம்பல் முன்னைவிடக் கூடவும் வாய்ப்புண்டு. மண்ணைத் தொழுவத்தில் தடுப்பதற்கு ஈடான இயந்திரம் எதுவும் பின்னால் இல்லை. நாற்றுப்பண்ணைக்கான உரத்தை மட்டும் சலியுங்கள். ஈரம் 45 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகு சலித்தால்தான் துளை அடைக்காது. 30க்கும் கீழே போனால் தூசி பறக்கும். மேலே தங்கியதை அடுத்த குவியலில் கலந்துவிடுங்கள். இளக்கும் பொருளாகவும் நுண்ணுயிர் வித்தாகவும் அது பயன்படும்.

குருணையாக்கும் இயந்திரம் சத்தைக் கூட்டாது. கொள்ளளவைக் குறைத்து, சீராகத் தூவ உதவும். நெடுந்தொலைவு ஏற்றிச் செல்பவருக்கு அது பெரிய உதவி. அச்சில் அழுத்திக் குருணையாக்க ஈரம் 15 விழுக்காடு அளவுக்கு இறங்க வேண்டும். முதிராத உரத்தைச் சூடேற்றி உலர்த்தினால் எஞ்சிய அம்மோனியமும் பறந்துபோகும். வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின் நடைபெறும் முதிர்ச்சிக் காலத்தில்தான் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. அந்தக் காலம் முடிந்த உரத்தை உலர்த்தினால் இழப்பு மிகக் குறைவு. ஆனால் நைட்ரேட்டு மழையில் கரைந்தோடும் என்பதால் முதிர்ச்சிக் காலத்தில் கூரை கட்டாயம் வேண்டும். குருணையாக்கும் கட்டத்தில் பிண்ணாக்கு, எலும்புத்தூள் போன்றவற்றைக் கலந்து சத்தை உயர்த்தலாம். அப்போது உயர்வுக்குக் காரணம் கலந்த பொருள்தான்.

செறிவு உயரும்போது உப்பும் சேர்ந்தே உயரும். பொட்டாஷும் சோடியமும் மிகுந்த உரம் நாற்றின் வேரைச் சுடும். தீவனத்திலிருந்து வரும் துத்தநாகமும், மாடுகளின் குளம்பைக் கழுவப் பயன்படும் தாமிர சல்பேட்டும் அவ்வாறே செறிவடையும். நாற்றுப்பண்ணைக்குக் கொடுக்குமுன், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் இந்த இரண்டு உலோகங்களையும் சோதிப்பது உங்கள் பொறுப்பு. குளம்பு கழுவிய நீர் சாணத்தில் கலக்காமல் தனியே போகட்டும்.

தொழுவம் (கேட்டவர்)

மிகுந்த நன்றி. முற்றத்துச் சாணத்தைப் பிரிப்பது, குவியலிடத்துக்குக் கூரையும் சிமென்டுத் தரையும் அமைப்பது, தீவனக் கலவை வண்டி தேடுவது, முதிர்ந்த உரத்தால் போர்த்துவது என்ற வரிசையில் தொடங்குகிறேன். சல்லடை அதற்குப் பின். புரட்டும் இயந்திரத்தையும் குருணை இயந்திரத்தையும் இப்போதைக்கு வாங்கப்போவதில்லை. கடைசியாக ஒரு கேள்வி: சாம்பல் கணக்குக்கு மாதிரியை எப்படி எடுப்பது? குவியலின் மேலும் உள்ளும் மிகவும் வேறுபடுகின்றனவே.

மறுமொழி 6: உரக்கணக்கு

குவியலை முழுமையாகக் கலந்த உடனே எடுங்கள்; புரட்டிய நாளே அதற்கு ஏற்ற நாள். நீளவாக்கில் 10 முதல் 15 இடங்களில், மேற்பரப்பை ஒதுக்கிவிட்டு உட்புறத்திலிருந்து ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, சுத்தமான வாளியில் நன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ அளவை உறையில் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். அன்றே ஆய்வகத்தைச் சேர வழியில்லையென்றால் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே வைத்தால் அம்மோனியா பையிலேயே பறந்துவிடும். மொத்தத் தழைச்சத்தோடு அம்மோனியத் தழைச்சத்தையும் நைட்ரேட்டுத் தழைச்சத்தையும் தனித்தனியே கேளுங்கள். ஆய்வகத்தில் மாதிரியை உலர்த்திய பின் தழைச்சத்தை அளந்தால் அம்மோனியத்தில் பெரும்பகுதி கணக்கில் வராது. எனவே ஈர மாதிரியிலேயே அளக்கும்படி எழுதிக் கொடுங்கள். முற்றத்துக் குவியலுக்கும் தரைக் குவியலுக்கும் மாதிரிகளைத் தனித்தனியே அனுப்புங்கள். முதல் இணை அறிக்கை வந்ததும் எண்களை இங்கே பதிவிட்டால், சேர்ந்தே கணக்கிட்டுப் பார்ப்போம்.